கத்தி மேல் தப்பில்லை: தோல் ஸ்ப்ளிட்டருக்கு ஒரு புது உருளை

பர்ஸ், கடிகாரப் பட்டை, சின்னப் பை என்று செய்கிறவர்களுக்கு எப்போதும் இருக்கும் தலைவலி தோலின் தடிமன். பெல்ட்டுக்கு மூன்றரை மில்லிமீட்டர் தோல் அருமையாக இருக்கும். அதே தோலில் பர்ஸ் தைத்தால் மடிக்கவே முடியாது. பர்ஸின் வெளிப்பக்கத்துக்கு 1.2 மி.மீ. போதும், கார்டு செருகும் உள்பைகளுக்கு 0.8 வேண்டும். ஓரத்தை மடித்துத் தைப்பதென்றால் அந்த இடம் மட்டும் 0.6 ஆக வேண்டும். சென்னைப் பெரியமேட்டில் முழுத் தோலாக வாங்குகிறவர்கள் வேண்டிய தடிமனைச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். நான் வாங்குவது எடை போட்டுத் தரும் துண்டுத் தோல். அதில் 1.8-ம் வரும், 2.4-ம் வரும். மாட்டின் முதுகுப் பக்கம் கெட்டியாகவும் வயிற்றுப் பக்கம் தளர்வாகவும் இருப்பதால், சில துண்டுகளில் இரண்டு முனையும் இரண்டு அளவில் இருக்கும்.

அதற்காகத்தான் தோலைச் சீவித் தடிமனைக் குறைக்கும், கையால் இழுக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்று வாங்கினேன். தோல் ஆலைகளில் இருப்பதுபோல் ஓயாமல் சுற்றும் பட்டைக் கத்தியெல்லாம் இதில் கிடையாது. இரும்புச் சட்டத்தில் குறுக்கே ஆறு அங்குலக் கத்தி அசையாமல் நிற்கும். அதன் கீழே 25 மி.மீ. விட்டத்தில் ஓர் உருளை. உருளையின் இரண்டு முனையும் இரண்டு கட்டைகளுக்குள் உட்கார்ந்திருக்கும். அடியிலிருந்து இரண்டு திருகுகள் அந்தக் கட்டைகளை மேலே தள்ளும். தோலின் வழவழப்பான மேல்பக்கம் உருளையைப் பார்க்க, சதைப்பக்கம் கத்தியைப் பார்க்க, தோலைச் செருகி மறுபக்கம் பிடித்து இழுக்க வேண்டும். கத்திக்கும் உருளைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு தடிமன் கையில் மிஞ்சும், மீதி சதைப்பக்கச் சீவலாகப் பிரிந்து போகும். அவ்வளவுதான் மெஷின்.

சும்மா நாலு பட்டை இழுத்துப் பார்க்க இது போதும். கடிகாரப் பட்டை போன்ற வேலைக்குப் போதவில்லை. ஒரு பட்டையின் நீளத்திலேயே ஓரிடம் 1.2, இன்னோரிடம் 1.4 என்று வந்தால், இரண்டு அடுக்கு ஒட்டித் தைக்கும்போது ஓரத்தில் அந்த மேடு பள்ளம் அப்படியே தெரியும்.

இந்த மாதிரி மெஷினில் எது கெட்டாலும் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "கத்தி மழுங்கியிருக்கும், சாணை பிடி." நானும் கத்தியைத் தீட்டினேன். வெட்டு வழுவழுவென்று வந்தது, ஆனால் மேடு பள்ளம் போகவில்லை. வழுவழுப்பான மேடு பள்ளம் வந்தது. மழுங்கிய கத்தி தோலைப் பிய்க்கும், சதைப்பக்கத்தில் செதில் செதிலாகக் கிளப்பும், இழுக்கவே விடாது. ஆனால் தடிமனைச் சீராக ஏற்றி இறக்குகிற வேலை கத்தியால் ஆகாது, ஏனென்றால் கத்தி அசைவதே இல்லை. அசைகிற பொருளில்தான் கோளாறு இருக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்கத் தோலையே கேட்கலாம். ஒரு முழம் நீளத்துக்குக் கெட்டியான பட்டை ஒன்றை ஒரே இழுப்பில் சீவிக்கொள்ளுங்கள். சதைப்பக்கத்தில் சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் தடிமன் பார்க்கும் டயல் கேஜை வைத்து, வந்த அளவைப் பால்பாயிண்ட் பேனாவால் தோல் மேலேயே எழுதிக்கொண்டே போங்கள். இடது ஓரத்தில் ஒரு வரிசை, வலது ஓரத்தில் ஒரு வரிசை. எழுதி முடித்ததும் எண்களை நிதானமாகப் பாருங்கள். இடது வரிசை முழுவதும் வலது வரிசையைவிட ஒரே அளவு கூடியிருந்தால் உருளை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. திருகைச் சரிசெய்தால் போதும். ஒழுங்கே இல்லாமல் கண்டபடி மாறினால் கத்தியையோ, ஒரே இழுப்பில் அதிகமாகச் சீவுவதையோ, தோலின் தன்மையையோ சந்தேகப்படலாம். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் உருளைதான்.

எனக்கு வந்தது கடைசி வகை. 1.16-இல் தொடங்கி 1.40 வரை ஏறி மறுபடி இறங்கியது. ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு எட்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உருளையின் விட்டம் 25 மி.மீ.; 3.14-ஆல் பெருக்கினால் சுற்றளவு 78.5 மி.மீ. கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. உருளை ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு முறை கத்தியை நெருங்குகிறது, ஒரு முறை விலகுகிறது. அதாவது சுற்றும் மையமும் உருளையின் மையமும் ஒன்றாக இல்லை. உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம் 0.24 என்றால் மையம் விலகியிருப்பது அதில் பாதி, 0.12 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது, தோலுக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் கடலூரில் ஓ.டி. (ஓல்ட் டவுன்) பக்கம் போனால் துறைமுகத்தை ஒட்டி லேத் பட்டறைகள் உண்டு. படகு இன்ஜினின் ஷாஃப்ட், புஷ் என்று கடல் தண்ணீரோடு மல்லுக்கட்டும் சாமான்களைப் பார்த்துப் பழகிய கைகள். மெஷினைக் கழற்றாமல் அப்படியே தூக்கிக்கொண்டு போனேன். டர்னர் அண்ணன் உருளையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, வீட்டுக்குள்ள வச்சு கரும்பு ஜூஸ் போடற மெஷினா?" என்றார். கத்தியைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். அப்புறம் உருளையைக் கழற்றி, இரண்டு முனையையும் வி பிளாக்கில், அதாவது வி வடிவப் பள்ளம் உள்ள இரும்புக் கட்டைகளில் வைத்து, மேலே டயல் கேஜை நிறுத்திச் சுற்றினார். முள் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது. "ராடு நேராத்தான் இருக்கு. முனை ரெண்டும்தான் சென்டர விட்டுப் போயிருக்கு. மூணு ஜா சக்குல புடிச்சு, திருப்பிப் போட்டுக் கடைஞ்சிருக்கான்" என்றார்.

விஷயம் இதுதான். லேத்தில் இரும்பைப் பிடித்துச் சுற்றும் பிடிதான் சக், அதன் தாடைகள்தான் ஜா. மூன்று ஜா சக் தானாக நடுவில் பிடித்துக்கொள்ளும், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அந்த நடு முழு நடு அல்ல, கொஞ்சம் தேய்ந்த சக் என்றால் 0.1 மி.மீ. விலகுவது சாதாரணம். நாலு ஜா சக்கில் ஒவ்வொரு ஜாவையும் தனித்தனியாக நகர்த்தி, டயல் கேஜின் முள் அசையாத வரைக்கும் சரிசெய்து பிடிக்கலாம். நேரம் பிடிக்கும், கூலியும் கூடும். மலிவு மெஷினில் யாரும் அதற்கு மெனக்கெட மாட்டார்கள்.

பழைய உருளையையே முனை கடைந்து சரிசெய்யலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று அவர் சொன்னதற்கு ஒரு காரணம், நான் ஒத்துக்கொண்டதற்கு வேறொரு காரணம். அவருக்கு முனை மெலிந்து போகும் என்ற கவலை. எனக்குத் துரு. மரப்பட்டையில் பதனிட்ட தோலில் டானின் இருக்கும். ஈரத்தோடு இரும்பு பட்டால் டானினும் இரும்பும் சேர்ந்து நீலக்கறுப்பாகக் கறை பிடிக்கும். பழைய காலத்தில் கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியது இதே வேதியியல்தான். கடலூரில் உப்புக்காற்று, ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் ராத்திரி துடைத்து வைத்த இரும்பு காலையில் பழுப்பாக நிற்கும். உருளை தொடுவதோ தோலின் மேல்பக்கத்தை, அதாவது வெளியே தெரியப்போகிற பக்கத்தை. ஒரு துருப்புள்ளி போதும், பர்ஸின் முகத்தில் மச்சம் விழுந்துவிடும், அழிக்கவும் முடியாது.

அதனால் ஹைட்ராலிக் ராடு போட்டோம். ஹைட்ராலிக் சிலிண்டருக்குள் ஓடும் தண்டு இது. மேலே கெட்டியான குரோம் பூச்சு, வட்டமும் நேர்த்தியும் கிரைண்டிங்கிலேயே வந்துவிடும், துருவுக்கும் சுலபத்தில் இடம் கொடுக்காது. மேற்பரப்பைக் கடைய வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு முனையை மட்டும் 12 மி.மீ.க்குக் கடைந்தால் போதும். அண்ணன் குரோமில் கீறல் விழாமல் செம்புத் தகட்டைச் சுற்றி நாலு ஜாவில் பிடித்தார், கேஜ் வைத்து முள்ளை நிறுத்தினார், கார்பைட் டிப்பால் முனையைக் கடைந்தார். திருப்பிப் பிடித்து மறுபடி அதே பொறுமை. முடிந்தபின் வி பிளாக்கில் வைத்துப் பார்த்தபோது மொத்த ஆட்டம் 0.02-க்குள் இருந்தது.

முனைகள் உட்காரும் இடத்தில் பால் பேரிங் போடலாம் என்றுதான் நினைத்துப் போயிருந்தேன். 12 மி.மீ. தண்டுக்கு 6001 பேரிங் சரியாகப் பொருந்தும், ஆனால் அதன் வெளிவிட்டம் 28 மி.மீ. என் மெஷினின் கட்டையில் அவ்வளவு பெரிய துளை போட்டால் சுவரே மிஞ்சாது. அண்ணன் கன்மெட்டல் என்ற வெண்கல வகையில் புஷ், அதாவது முனை உட்கார்ந்து சுற்றும் வளையம் கடைந்து, துளையை அளவுக்குச் சீராக்கும் 12 மி.மீ. ரீமர் விட்டுக் கொடுத்தார். இப்போது யோசித்தால் இதுவே நல்லது என்று படுகிறது. கையால் இழுக்கிற வேகத்துக்குப் பேரிங்கின் வழுக்கல் தேவையே இல்லை. தோல் தூசி பேரிங்குக்குள் போனால் கரகரக்கும். புஷ்ஷைத் துடைத்து, ஒரு பொட்டு கிரீஸ் தடவினால் ஆயிற்று.

அடுத்து கத்தி நிற்கும் இடம். இதை யாரும் கவனிப்பதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கத்தியின் கூர் உருளையின் உச்சிக்கு நேர் மேலே நிற்க வேண்டும். என் மெஷினில் 2 மி.மீ. தள்ளி நின்றது. தள்ளி நின்றால் என்ன, திருகால் இடைவெளியைச் சரிசெய்துகொள்ளலாமே என்று தோன்றும். இடைவெளி சரியாகும், ஆட்டம் சரியாகாது. தோலை இழுக்க ஆரம்பிக்கும்போது உருளையும் கட்டையும் இழுக்கும் பக்கம் நகரப் பார்க்கும். மேலும் கீழுமான ஆட்டத்தைப் பற்றிக் கவலையில்லை. கத்தி தோலை அழுத்துகிற அழுத்தமே உருளையை எப்போதும் திருகின் மேல் உட்கார வைத்துவிடும். முன்னும் பின்னும் அரை மில்லிமீட்டர் ஆடினால்தான் தொல்லை. உச்சிக்கு நேராகக் கத்தி இருந்தால் அந்த அரை மில்லிமீட்டர் நகர்வு தடிமனில் 0.01 மி.மீ.தான் காட்டும், ஏனென்றால் உச்சியில் வட்டம் கிட்டத்தட்டத் தட்டை. 2 மி.மீ. தள்ளி, சரிவின் மேல் கத்தி நின்றால் அதே நகர்வு ஏறத்தாழ 0.08 மி.மீ. காட்டும். இழுப்பின் ஆரம்பத்தில் ஒரு தடிமன், கொஞ்சம் போனதும் ஒரு தடிமன் என்று வருவதற்கு இது ஒரு காரணம்.

உச்சியைப் பிடிப்பது சுலபம். தச்சர் மூலைமட்டத்தை அடித்தட்டில் நிறுத்தி, உருளையின் முன்பக்கத்தைத் தொடும் வரை நகர்த்துங்கள். அங்கிருந்து உருளையின் பாதி விட்டம், அதாவது 12.5 மி.மீ. உள்ளே கத்தியின் கூர் இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் பாருங்கள். கத்தியைப் பிடிக்கும் போல்ட் துளைகளை வட்ட அரத்தால் ராவி நீளமாக்கிக்கொண்டால் கத்தி முன்னே பின்னே நகர இடம் கிடைக்கும். ராவும்போது கத்தியைக் கழற்றி, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து டேப் சுற்றிவிடுங்கள். இந்தக் கத்தி வெட்டினால் வெட்டியது தெரியாது, ரத்தம் வந்த பிறகுதான் தெரியும்.

திருகுகளையும் மாற்றினேன். பழையவை சாதாரண எம் 8 போல்ட். அதன் மரை ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. ஏறும். கால் சுற்று என்றால் எவ்வளவு என்று ஒவ்வொரு தடவையும் மனக்கணக்குப் போட வேண்டும். அண்ணன் துளையை 9 மி.மீ.க்குப் பெரிதாக்கி, எம் 10, 1 மி.மீ. பிட்ச் டாப் போட்டு மரை வெட்டி, அதே மரையில் இரண்டு திருகு கடைந்து கொடுத்தார். ஒரு சுற்று, ஒரு மில்லிமீட்டர். திருகின் தலையில் 40 மி.மீ. அலுமினிய வட்டு. கம்ப்யூட்டரில் அதே அளவு வட்டம் போட்டு, இருபது பாகமாகக் கோடு பிரித்து, ஸ்டிக்கர் தாளில் பிரிண்ட் எடுத்து வட்டின் மேல் ஒட்டினேன். ஒரு கோடு 0.05 மி.மீ. லாக் நட்டு ஒன்று ஒவ்வொன்றிலும் உண்டு. அது இல்லாவிட்டால் இழுக்கிற அதிர்வில் திருகு தானே இளகும்.

பூஜ்யம் வைப்பதற்கு உருளையைக் கத்தியில் முட்டவிடக் கூடாது. கூர் போய்விடும். இடைவெளி அளக்கும் மெல்லிய எஃகு இலைகள் கொண்டது ஃபீலர் கேஜ்; அதன் 0.50 மி.மீ. இலையை இடது ஓரத்தில் விட்டு, லேசான பிடிப்போடு வழுக்கி வரும் வரை திருகை ஏற்ற வேண்டும். வலது ஓரத்திலும் அதே. அந்த இடத்தை வட்டில் அரை மில்லிமீட்டர் என்று குறித்துக்கொண்டால் மேலே எல்லாம் கோடு எண்ணுகிற வேலைதான். ஃபீலர் கேஜுக்குப் பெரிய செலவில்லை. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய மெக்கானிக் சாமான் விரித்திருப்பவர்களிடம் கிடைத்தது. இலைகளில் எழுதிய எண் அழியாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

கத்தி தீட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடிக் கடையில் கெட்டிக் கண்ணாடித் துண்டு ஒன்று, அதன் மேல் தண்ணீரில் தேய்க்கும் உப்புத்தாள் 600, 1000, 2000. அப்புறம் தோல் பட்டையில் பச்சைப் பாலிஷ். சாய்வுக் கோணம் மாறாமல் இருக்கக் கத்தியைப் பிடிக்க ஒரு ஆங்கிள் துண்டு செய்துகொண்டால் நல்லது. வேலைக்கு நடுவில் பச்சைப் பாலிஷ் மட்டும் அடிக்கடி போட்டுவந்தால் உப்புத்தாளுக்குப் போகிற தேவையே குறைந்துவிடும்.

சின்ன வேலைக்கென்றே செய்த மாற்றங்கள் இரண்டு. ஒன்று, பக்கத் தடுப்பு. இருபது மில்லிமீட்டர் அகலப் பட்டையை ஆறு அங்குலக் கத்திக்குள் விட்டால் அது நேராக வராது, கோணலாகிப் பக்கவாட்டில் ஓடும். கத்திக்கு முன்னால் குறுக்கே ஒரு 8 மி.மீ. கம்பி வைத்து, அதில் நகர்த்தி இறுக்கக்கூடிய இரண்டு பித்தளைக் கட்டைகள் மாட்டினேன். பட்டையின் அகலத்துக்குக் கட்டைகளை நெருக்கி, நூலிழை இடைவெளி விட்டு இறுக்கினால் போதும். இதில் இன்னொரு லாபமும் உண்டு: எப்போதும் நடுவிலேயே இழுத்தால் கத்தி நடுவில் மட்டும் மழுங்கும். கட்டைகளை இடம் மாற்றி மாற்றி வைத்தால் கத்தியின் முழு நீளமும் வேலை செய்யும்.

இரண்டாவது, ஓடம். அந்தப் பெயர் நான் வைத்ததுதான். கார்டு அளவுத் துண்டை இந்த மெஷினில் நேரடியாகச் சீவ முடியாது. கத்தியைத் தாண்டிப் பிடிமானம் வேண்டும், பிடித்த பகுதி சீவப்படாமல் நிற்கும், துண்டில் பாதி அதிலேயே போய்விடும். அதற்குப் பதில், இரண்டு மில்லிமீட்டருக்குச் சீராகச் சீவிய நீளமான கெட்டித் தோல் பட்டை ஒன்றை ஓடமாக வைத்துக்கொள்கிறேன். அதன் நடுவில் ரெட்டைப்பக்க டேப்பால் சின்னத் துண்டை மேல்பக்கம் கீழே இருக்கும்படி ஒட்டி, ஓடத்தின் முனையைப் பிடித்து இழுத்தால் துண்டு கடைசி வரை சீவப்பட்டு வெளியே வரும். 0.8 வேண்டுமென்றால் இடைவெளி 2.8, டேப்பின் தடிமனையும் கூட்டிக்கொள்ள வேண்டும். துண்டின் முன் ஓரத்தைக் கைக்கத்தியால் சரிவாகச் சீவிவிடுங்கள், இல்லையென்றால் கத்தி அதில் முட்டி டேப்போடு பிடுங்கிக்கொண்டு நிற்கும். பளபளப்புப் பூச்சு போட்ட தோலில் டேப்பை உரிக்கும்போது பூச்சும் கூடவே வரும். அதற்கு முதலில் பெயின்ட் அடிக்கிறவர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப்பைத் தோலில் ஒட்டி, ரெட்டைப்பக்க டேப்பை அதன் மேல் ஒட்டுகிறேன். இந்த ஏற்பாட்டுக்கு லேத்தும் வேண்டாம், கூலியும் வேண்டாம். மெஷினில் எதையுமே மாற்ற விருப்பமில்லாதவர்கள் இதை மட்டுமாவது செய்து பார்க்கலாம்.

மெஷினை முக்கால் அங்குல பிளைவுட்டில் போல்ட் போட்டு, அந்தப் பலகையை முதலில் மேசையோடு இரண்டு ஜி கிளாம்பால் பிடித்துப் பார்த்தேன். இழுக்கிற விசையில் மேசையே என்னை நோக்கி வந்தது. அதனால் சமையலறைக் கடப்பைக்கல் திண்ணைக்குக் கொண்டுபோய் மாட்டினேன். வீட்டில் முணுமுணுப்பு இருக்கிறது. கையால் மட்டும் இழுத்தால் பிடி வழுக்கும், வாயகன்ற பிளையரின் தாடையில் ஒரு தோல் துண்டை ஒட்டிக்கொண்டு அதால் இழுங்கள். பின்னால் சுவரோ அலமாரியோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தோல் சட்டென்று விடுபட்டால் முழங்கை நேராகப் பின்னால்தான் போகும். ஒரே இழுப்பில் அரை மில்லிமீட்டருக்கு மேல் எடுக்க ஆசைப்படாமல், இரண்டு மூன்று இழுப்பாக எடுப்பதே நல்லது. வேலை முடிந்ததும் கத்திக்கு எண்ணெய் போடாமல் மெழுகு தேய்த்து வைக்கிறேன். எண்ணெய் அடுத்த தோலில் கறையாக இறங்கும்.

மாற்றியபின் அதே மாதிரிக் கெட்டிப் பட்டையை இழுத்து, அதே மாதிரிக் கோடு போட்டு அளந்தேன். 1.20-க்கு வைத்ததில் 1.18-க்கும் 1.23-க்கும் நடுவில் நின்றது. எட்டு சென்டிமீட்டர் அலை காணாமல் போய்விட்டது. உருளை, புஷ், திருகு எல்லாவற்றுக்கும் சேர்த்து லேத் பட்டறையில் கொடுத்தது 1,800 ரூபாய்.

எல்லாத் தோலும் இதில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. திருச்சி, திண்டுக்கல் பக்கம் மரப்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடும் இ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல், புவிசார் குறியீடு வாங்கிய தோல் அது, இந்த மெஷினுக்கென்றே செய்ததுபோல் வரும். கெட்டியாக நிற்கும், இழுத்தால் நீளாது, கத்தி வழுக்கிக்கொண்டு போகும். குரோமியம் உப்பில் பதனிட்ட மாட்டுத் தோல் அப்படியில்லை, இழுக்க இழுக்க ரப்பராக நீளும், நீண்ட நிலையில் சீவப்பட்டு, விட்டதும் சுருங்கித் தடிமன் கூடும். அதற்கு 0.1 குறைத்து வைத்து, ஓடத்தில் முழுப்பரப்பும் ஒட்டித்தான் இழுக்கிறேன். மெல்லிய, மெத்தென்ற ஆட்டுத் தோல் என்றால் ஓடத்தில் ஒட்டினாலும் கத்தி முன்னால் மடிந்து குவிந்துவிடுகிறது. அதை மெஷின் பக்கமே கொண்டுபோவதில்லை, கண்ணாடி மேல் வைத்துக் கைக்கத்தியால்தான் சீவுகிறேன்.